படியோடு ஒன்று, படியில்லாமல் ஒன்று

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஞானப்பூவுக்கு வாயே கிடையாது. அவள் சொல்லாமல் விழுங்கியதை எல்லாம் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? துர்காதேவி என்று ஒருத்தி அதற்குத்தான் இருக்கிறேன்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு நூல் குடோனுக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். கட்டடங்களுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிற இடம். இன்ஜினியர் அருண்பாண்டியன் சார், நான், ஞானப்பூ, அவ்வளவுதான் ஆட்கள். வீடு பார்வைக்கு எப்படி இருக்கும் என்று வரைவது நான். அந்த வீடு நிற்குமா என்று பார்ப்பது அவள். வருகிறவர்கள் எல்லோரும் என் மேஜையைத்தான் சூழ்ந்துகொள்வார்கள். பால்கனியை வளைத்துக் கொடு, முகப்பில் தாமரை வை, பக்கத்து வீட்டுக்காரன் வயிறு எரிகிற மாதிரி ஏதாவது செய் என்பார்கள். அவள் மேஜைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அங்கே வீடு தெரியாது. பில்லர் ஒரு கோடு, பீம் ஒரு கோடு, தளம் ஒரு தகடு. அந்தக் கோடுகளின் மேல் பாரத்தை ஏற்றி, எது வளைகிறது, எது தாங்குகிறது என்று கம்ப்யூட்டரிடம் கேட்பதுதான் அவள் வேலை.

அதிலும் அவளுக்குப் படிக்கட்டு என்றால் ஒரு கிறுக்கு. இந்த வேலை பார்க்கிறவர்கள் பலர் படிக்கட்டை வரையவே மாட்டார்கள். படி வருகிற இடத்தில் தளத்தில் ஓர் ஓட்டையை விட்டுவிட்டு, படியின் எடையை மட்டும் பக்கத்துப் பீம் மேல் ஏற்றிவிட்டால் முடிந்தது. சாரும் அதைத்தான் சொல்வார். “ஞானம்மா, படிய வரைஞ்சுக்கிட்டு இருந்தா பார்ட்டி கழுத்தைப் பிடிப்பாரு. லோடை மட்டும் போட்டுட்டு விடும்மா.” அவள் சரி சார் என்று தலையாட்டுவாள். அப்புறம் தன் பாட்டுக்கு வரைந்துகொண்டிருப்பாள்.

தரையிலிருந்து நடுத் தளத்துக்கு ஒரு சாய்வு, அங்கே திரும்பி மேல் தளத்துக்கு இன்னொரு சாய்வு. ஒவ்வொரு முனையும் பக்கத்து முனையோடு சேர வேண்டும். ஒரு முனை சேராமல் விட்டுப்போனாலும் கணக்கு உதைக்கும். ஒருமுறை அப்படித்தான் விட்டுப்போய், அசைவைக் காட்டச் சொன்னபோது, மொத்தப் படிக்கட்டும் கழன்று திரைக்கு வெளியே பறந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“என்னடி இது, படிக்கட்டுன்னு சொல்ற, ஒரு படியையும் காணோம்?” என்று கேட்டேன்.

“படி வெறும் வெயிட்டுதான் துர்கா. தாங்குறது அடியில இருக்கிற சாய்வு. அது சும்மா சாஞ்சு கெடக்குன்னு நினைக்காத. கட்டடம் அசையும்போது அதுதான் குறுக்க முட்டுக் குடுத்து நிக்கும். அதை விட்டுட்டுக் கணக்குப் பாத்தா அது வேற கட்டடம்.”

திருச்சுழிக்குத் தெற்கே, மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போடுகிற ஓர் ஊர் அவளுக்கு. அந்த ஊரில் மாடி வீடே கிடையாது. படிக்கட்டு என்று இருந்தது சர்ச் மணிக்கூண்டில் மட்டும்தான். மணி அடிப்பது அவள் அப்பா. அவர் மேலே போனதும் இவள் பாதிப் படியில் உட்கார்ந்துகொள்வாளாம். மணி அடிக்கும்போது படி அதிருவது உட்காருமிடத்தில் தெரியுமாம். அந்த அதிர்வு எங்கே போய் முடிகிறது என்று அப்போதே யோசித்தேன் என்று சொல்வாள். எனக்கென்னவோ அந்த வயதில் புளியங்காயைத் தவிர வேறு யோசனை இருந்ததாக நினைவில்லை.

டிப்ளமோ படித்துவிட்டு, மதுரையில் இந்தச் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டு எங்கள் ஆபீசில் சேர்ந்தாள். அவள் கல்யாணமும் ஒரு படிக்கட்டில்தான் தொடங்கியது. கீழே இருக்கிற நூல் குடோனில் சரக்கு ஏற்ற வேன் கொண்டுவருவார் ஸ்டீபன். அண்ணன் தம்பி இரண்டு பேராக நூல் கடை வைத்திருந்த குடும்பம். சரக்கு இருப்பது கீழே. இவருக்கு மாடியில் என்ன வேலை? தண்ணீர் கேட்டு வருவார். பேனா கேட்டு வருவார். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வருகிற சத்தம் கேட்டாலே ஞானப்பூ கோடு போடுவதை நிறுத்திவிடுவாள். “ஏன் சார், உங்க குடோன்ல தண்ணிக் குடமே கிடையாதா?” என்று ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். காது வரைக்கும் சிவந்துபோய் இறங்கி ஓடினார். மறு வாரம் அவருடைய அண்ணன் தாவீதுராஜ், வெள்ளைச் சட்டையும் நெற்றியில் வேர்வையுமாக அதே படியில் ஏறி வந்து, எங்கள் சாரிடம் பெண் கேட்டார். தம்பிக்காகப் பெண் கேட்க வந்த அண்ணனின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷம்.

அவர்கள் வீடு நெசவுக்காரர்கள் தெருவில் இருந்தது. ஸ்டீபனின் அப்பா கட்டிய மாடி வீடு. கீழ் ஹாலின் நடுவிலிருந்து மொசைக் போட்ட அகலமான படி ஒன்று மேலே போகும். கீழே மாமியார், அண்ணன், அவர் மனைவி ஜாய்ஸ், அவர்கள் மகள். மாடியில் ஸ்டீபனும் ஞானப்பூவும். பெயருக்குத்தான் கீழும் மேலும். சாப்பாடு எல்லாருக்கும் கீழேதான். ஞானப்பூவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மகள் அந்தப் படியில் ஏறியும் இறங்கியும் இரண்டு வீட்டிலும் வளர்ந்தாள். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் தொங்குவது அந்தப் படிக்கு மேல்தான்.

மாமியார் இறந்தார். பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம்தான்: மூத்தவனுக்குக் கீழ் வீடு, இளையவனுக்கு மாடி. சபைக் குருவானவரை வைத்து ஜெபம் பண்ணி, நல்லபடியாகத்தான் பிரித்தார்கள். படியில்தான் வந்தது வினை. “படி என் ஹால்ல இருக்கு. அதை எடுத்துட்டு வெளிச் சந்துல ஒண்ணு கட்டிக்கிருவோம்” என்றார் அண்ணன்.

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்ணே” என்றிருக்கிறார் ஸ்டீபன்.

“ஏன், நாளைக்கு மாடிய நீ வாடகைக்கு விடுவ. என் வீட்டுக்குள்ள ஊரு போயிட்டு வரணுமா?”

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று மனுஷன் சொல்லிவிட்டார். ஸ்டீபன் ஒரு நிமிஷம் அண்ணனைப் பார்த்தாராம். “நான் ஊராண்ணே?” என்று கேட்டாராம். அண்ணன் பதில் சொல்லவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

படியை எடுத்தால் கட்டடம் தாங்குமா என்று பார்க்க வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குப் போவது? ஜாய்ஸ் மூலமாக ஞானப்பூவுக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள். அவள் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து தன் வீட்டையே கோடுகளாக வரைந்தாள். படியோடு ஒன்று, படியில்லாமல் ஒன்று. அந்தப் பெயரிலேயே இரண்டையும் கம்ப்யூட்டரில் வைத்தாள். படியின் நடுத் தளம்தான் பின்பக்கத்து இரண்டு பில்லர்களையும் இடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தது. அது போனால் இரண்டும் துணையில்லாமல் நிற்கும். அந்த இடத்தில் ஒரு பீம் கொடுத்தாள். படி வந்த ஓட்டையை மூடத் தனியாக ஒரு சின்னத் தளம் கொடுத்தாள். வெளிச் சந்தில் கிடைத்த இடத்துக்குள் ஒரு குறுகலான படி. அது திரும்புகிற இடத்தில் நின்று திரும்ப இடம் இல்லாததால் முக்கோணப் படிகளாக வைத்தாள். பண்டிகைக் கூட்டம், கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம், பீரோ எல்லாவற்றின் பாரத்தையும் ஏற்றிப் பார்த்தாள். எல்லாம் தாங்கியது. நானும் பார்த்தேன். படுத்த ஆள் ஒருவரை அந்தப் படியில் இறக்க வேண்டி வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

மொக்கையன் கொத்தனார்தான் பழைய படியை உடைத்தார். முதல் அடி விழுந்தபோது ஸ்டீபன் வேனை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். கடையும் பிரிந்தது. அண்ணனுக்குக் கடை, தம்பிக்கு வேன். அதன் பிறகு ஒரே வாசலில் இரண்டு கேட். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அண்ணன் வலது பக்கம் உட்கார்ந்தால் தம்பி இடது பக்கம். கர்த்தருடைய ஜெபத்தில் எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும் என்று இரண்டு பேரும் சத்தமாகத்தான் சொல்வார்கள் என்று ஞானப்பூ சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச காலம் கழித்து ஸ்டீபனுக்குக் கை நழுவ ஆரம்பித்தது. ஸ்டியரிங் பிடித்த கை. அப்புறம் கால். மதுரையில் பெரிய டாக்டர்கள் எல்லாம் பார்த்தார்கள். நரம்பு தளர்ந்துகொண்டே போகிற நோய், மருந்து கிடையாது, கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டிரண்டு படியாகத் தாவியவர், கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். அப்புறம் ஞானப்பூ பின்னாலிருந்து தாங்க, ஏறினார். ஒருநாள் அப்படி ஏறிப் போனவர் மறுபடி இறங்கவில்லை. அன்றைக்கு அதுதான் கடைசி ஏற்றம் என்று தெரியாது. தெரிந்திருந்தால் கீழேயே உட்கார வைத்திருப்பேன் என்று ஞானப்பூ என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இறக்கிப் பார்க்காமல் இல்லை. மொக்கையனும் இன்னொரு ஆளும் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். நான் கீழே சந்தில் நின்றுகொண்டிருந்தேன். முக்கோணப் படியில் நாற்காலியின் கால் சுவரில் மாட்டிக்கொண்டது. சாய்த்து எடுக்கப் பார்த்தார்கள். ஸ்டீபனின் கழுத்து அப்படியே நெஞ்சில் மடிந்துவிட்டது. மூச்சு அடைத்து முகம் கறுத்துப்போனது. ஆத்தாடி, நான் போட்ட கூச்சல் தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். அலறியடித்துக்கொண்டு மேலேயே தூக்கிப் போய்விட்டார்கள். மூச்சு திரும்பியதும் அந்த மனுஷன் செய்த முதல் காரியம் பெண்டாட்டியைக் கேலி செய்ததுதான். “ஞானம்... உன் படி... நல்ல உறுதி. அகலந்தான்... பத்தலை.” அவள் உள்ளே போய் அடுப்படியில் நின்று அழுதாள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஆசைதான் மிஞ்சியது. அண்ணன் வீட்டு ஹாலில் ஒரு பொழுது உட்கார வேண்டும். பிறந்து வளர்ந்த இடம். அம்மாவைக் கிடத்திய இடம். “அண்ணன் மேல வர மாட்டாரு. நான்தான் போகணும். பெட்டியில போறதுக்கு முந்தி... உசுரோட ஒருக்கா இறங்கணும் ஞானம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கட்டிலையும் இடம் மாற்றச் சொன்னார். பழைய படி வந்த ஓட்டையை மூடிய தளத்துக்கு மேலே போடச் சொன்னார். அந்தத் தளம் மற்றதைவிட மெலிசு. கீழே பேசுவது லேசாகக் கேட்கும். சாயங்காலம் அண்ணன் பைபிள் வாசிக்கிற சத்தம் கேட்டுவிட்டுத்தான் தூங்குவாராம். ஞானப்பூ பழைய கணக்கை எடுத்து, மூடிய தளத்தின் மேல் கட்டில் பாரத்தையும் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கட்டிலை நகர்த்தினாள். அவள் அப்படி.

அன்றைக்குத் திறந்த அந்தப் பழைய கணக்கிலேயே அவளுக்கு வழி தெரிந்தது. ஓட்டையை மூடிய தளம் தனியானது. அதை அறுத்து எடுத்தால் மற்ற எதற்கும் சேதமில்லை. புதிதாகக் கொடுத்த பீம் அங்கேயே இருக்கட்டும். அதில் இடிக்காமல், திரும்பாமல், நேராக ஒரு இரும்புப் படியை இறக்கலாம். நான்கு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்குகிற அகலம். அவர் ஹாலைப் பார்த்துவிட்டு மேலே வந்ததும் படியைக் கழற்றிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளலாம். குமாரலிங்கபுரத்துப் பக்கம் ஜவுளிப் பூங்கா வருகிறது என்று ஆளாளுக்கு வணிக வளாகம் கட்டப் பிளான் கேட்டுக்கொண்டிருந்த நேரம். சார் கத்திக்கொண்டிருந்தார். அவள் எதையும் காதில் வாங்காமல் தன் வீட்டுப் படியை வரைந்தாள்.

படிக்கு இத்தனை பாரம் என்று பொதுவான கணக்கு ஒன்று உண்டு. அதைப் போட்டாலே போதும். ஆள் எடையைத் தனித்தனியாகப் போடுகிற வழக்கமில்லை. அவளோ தூக்குகிறவர்கள், கட்டில் என்று தனித்தனியாக ஏற்றினாள். அப்புறம் கை நின்றது.

“துர்கா, அவுக எடைய எம்புட்டுன்னு போட?”

நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன். “பழைய எடையவே போடுடி” என்றேன். அவள் அதையே போட்டாள். படி தாங்கியது.

அண்ணனிடம் கேட்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனாள். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஹாலில் ஒடுங்கி உட்கார்ந்தாள். ஜாய்ஸ் காபி கொண்டுவந்து வைத்தாள். தாவீதுராஜ் நாற்காலியை விட்டு எழவில்லை. எல்லாவற்றையும் கேட்டார். திரையில் கோடுகளைக் காட்டியபோது குனிந்து பார்க்கவும் செய்தார்.

“இது எந்த இடம்மா?”

“கீழ இருக்கிற இந்த ஹாலு அத்தான். இது நம்ம பழைய படி இருந்த இடம்.”

நம்ம என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. நிமிர்ந்துகொண்டார். “அன்னைக்குப் படிய எடுத்தாலும் தாங்கும்னு நீதான் சொன்ன. இன்னைக்குத் தளத்தை அறுத்தாலும் தாங்கும்ங்கிற. என்னம்மா, வீடு என்ன உன் விளையாட்டுப் பொம்மையா?”

“கணக்கு சரியா இருக்கு அத்தான்.”

“கணக்கு இருக்கட்டும். அவன் கேக்கச் சொன்னானா, நீயா வந்தியா?”

“அவுகதான் கேக்கச் சொன்னாக.”

“அப்ப அவன் வாயால கேக்கட்டும்.”

“அவுகளுக்கு வாய் சரியா வரலை அத்தான்” என்றாள் ஞானப்பூ.

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. “சார், நீங்க ஒரு எட்டு மேல போய்ப் பாத்துட்டு வந்தா இந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்றேன். என்னை ஏன்தான் கூட்டிவந்தோம் என்பதுபோல ஞானப்பூ என் கையைப் பிடித்து அழுத்தினாள். தாவீதுராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கு. இந்த ஹால்லதான். அது முடியட்டும். அப்புறம் அறுத்துக்கோ.”

கேட் வரைக்கும் வழியனுப்ப வந்த ஜாய்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “அவுக நாற்காலி எங்கன கெடக்குன்னு பாத்தியாத்தா? முன்னாடி ஜன்னல் ஓரமா கெடந்துச்சு. கொழுந்தனாரு கட்டில மாத்துனதுல இருந்து அதுக்கு நேர் கீழதான் உக்காருறாக. மேல இருமல் சத்தம் கேட்டாத்தான் இவுகளுக்குச் சோறு இறங்குது. ஒரு நாள் கேக்கலைன்னா அங்கிட்டும் இங்கிட்டும் நடப்பாக. மேல போங்களேன்னு சொன்னா என் மேல விழுந்து புடுங்குறாக.”

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆடி என்ன புண்ணியம்? கால் நகரவில்லையே.

ஞானப்பூ மாடிக்குப் போய் நல்ல சேதியாகத்தான் சொன்னாள். நிச்சயம் முடிந்ததும் வழி திறக்கப் போகிறது என்று. ஸ்டீபன் சவரம் பண்ணிவிடச் சொன்னாராம். வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்துத் தலைமாட்டில் மாட்டச் சொன்னாராம். நிச்சயத்தன்று கீழே பாட்டுப் பாடினார்கள். குருவானவர் ஜெபித்தார். மேலே கட்டிலில் படுத்துக்கொண்டு ஆமென் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ஸ்டீபன் உதட்டை அசைத்தார். அண்ணன் மகள் சாயங்காலம் பட்டுச் சேலையோடு சந்துப் படியில் ஏறி வந்து சித்தப்பாவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாளாம். அந்தப் பிள்ளைக்கு இருந்த மனசு அப்பனுக்கு இல்லை.

நிச்சயம் முடிந்தது. ஞானப்பூ மொக்கையனை வரச் சொன்னாள். அதற்குள் கீழேயிருந்து ஜாய்ஸ் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள். ஹாலுக்கு இப்போதுதான் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து போவார்களாம். கொஞ்ச நாள் போகட்டுமாம். பெயிண்டாம் பெயிண்ட்! உடன்பிறந்தவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே கிடக்கிறான், இவருக்குச் சுவரில் கீறல் விழுந்துவிடுமாம். நான் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். ஞானப்பூதான் மறித்தாள். அவருக்குப் பயம் துர்கா, தம்பியை இந்தக் கோலத்தில் பார்க்கப் பயம், அதைத்தான் பெயிண்ட் என்று சொல்கிறார் என்றாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. இன்றைக்கும் கிடையாது.

தண்ணீர் வருகிற நாள் அன்றைக்கு. காலையில் ஞானப்பூ கீழே குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டீபன் விழித்துத்தான் இருந்தார், அவளைப் போய்வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவள் குடத்தோடு மாடி ஏறும்போது வீட்டுக்குள் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. உள்ளே போனால் சத்தம் தரையிலிருந்து வருகிறது. கட்டிலுக்கு நேர் கீழேயிருந்து. தாவீதுராஜ் ஒட்டடைக் கம்பால் மேல் தளத்தைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இருமல் நின்றுவிட்டது என்று முதலில் தெரிந்தது அவருக்குத்தான்.

ஸ்டீபன் போயிருந்தார். வெள்ளைச் சட்டை தலைமாட்டில் தொங்கியது. கீழேயிருந்து தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. ஞானப்பூ கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அந்தச் சத்தத்துக்குப் பதிலாகத் தன் உள்ளங்கையால் தரையில் ஒருமுறை தட்டினாள். கீழே சத்தம் நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது சந்தில் சர்ச் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சவப்பெட்டி வந்துவிட்டது. அதைச் சந்துப் படியில் திருப்ப முடியவில்லை. முக்கோணப் படியில் நாற்காலியே மாட்டியது, பெட்டி எங்கே திரும்பும்? மெத்தையோடு கயிறு கட்டி முன்பக்கமாக இறக்கலாம் என்றார் ஒருவர். பீரோவை அப்படித்தான் ஏற்றினோம் என்றார் இன்னொருவர். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் கீழ் வீட்டுக்குள்ளிருந்து தாவீதுராஜின் குரல் வந்தது. “ஏலே மொக்கையா, மிஷினை எடுத்துட்டு வாலே! அறுடா இந்தத் தளத்தை! பெயிண்டாவது மயிராவது! என் தம்பி இந்த வழியாத்தான் இறங்கணும்!” ஹாலில் நின்றுகொண்டு, ஒட்டடைக் கம்பால் கூரையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மொக்கையன் தளம் அறுக்கிற மிஷினோடு வந்து, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் வாசலில் நின்றார்.

ஞானப்பூ மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஹாலுக்குள் போனாள். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். வாயே இல்லாத அவள், அத்தனை பேர் முன்னால் பேசினாள்.

“வேண்டாம் அத்தான்.”

“ஞானம்மா...”

“அவுக உசுரோட இறங்கக் கேட்ட வழி இது. பெட்டிக்குக் கேட்டதில்லை. உங்களப் பாக்கணும்னுதான் கேட்டாக. இனி இங்கன வந்து யாரைப் பாக்கப் போறாக?” அவள் குரல் உயரவே இல்லை. “தளம் இருக்கட்டும். நீங்க மேல வாங்க.”

பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது. தாவீதுராஜ் கையிலிருந்த கம்பை ஜாய்ஸ் வாங்கிக்கொண்டாள். அவர் வெளியே வந்தார். சந்துக்குள் நுழைந்தார். படி கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட மிதிக்காத அந்த முதல் படிக்கு முன்னால் நின்றார். ஞானப்பூ முன்னால் ஏறினாள். அவர் பின்னால் ஏறினார். நான் அவருக்குப் பின்னால் போனேன்.

முக்கோணப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்னும் நிறைய ஏற வேண்டியிருக்கும் என்று மூச்சை இழுத்துத் தயாரானவர் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. திரும்பினால் வாசல். திறந்த கதவு வழியாகக் கட்டிலும் தம்பியின் காலும் தெரிந்தன. அவர் அங்கேயே நின்றுவிட்டார். ஏறி வந்த படிகளைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா?” என்றார்.

“இம்புட்டுத்தான் அத்தான்” என்றாள் ஞானப்பூ.

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போனார். பெட்டியைத் தெருவிலேயே வைக்கச் சொன்னார். யாரையும் தொடவிடவில்லை. தம்பியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி, அந்தக் கழுத்து மடியாமல் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, முக்கோணப் படியில் ஒருக்களித்துத் திரும்பி, தானே இறக்கிக்கொண்டு போனார். எங்கேயும் இடிக்கவில்லை.